ஊசியின் கனம்

1

பழைய டர்ன்டேபிள் ஒன்றின் கையை மாற்றுவதா, இருப்பதையே வைத்துக்கொள்வதா என்பது ஓர் அறப் பிரச்னையாக இருக்க முடியுமா? காசு இருப்பவன் மாற்றிக்கொள்கிறான், இல்லாதவன் இருப்பதில் கேட்கிறான். இதில் விசாரத்துக்கு என்ன இடம் என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஏழெட்டு மாதமாக இதைத் தீர்மானிக்க முடியாமல் தள்ளிப்போட்டு வந்ததற்குப் பணம் மட்டும் காரணம் அல்ல என்று தெரிந்த பிறகுதான் எழுதிப் பார்க்கத் தோன்றியது. விஷயம் சிறியது. பெரிய விஷயங்களில் நாம் நமக்கே சொல்லிக்கொள்ளும் பொய்களைக் கொள்கைகள் வந்து மூடிவிடுகின்றன. சிறிய விஷயங்களில் அவை திறந்தபடி கிடக்கின்றன.

என்னிடம் இருப்பது தாரன்ஸ் டிடி 160. தாரன்ஸ், 1883-ல் ஸ்விட்ஸர்லாந்தின் சேன்ட் க்ருவா என்ற மலையூரில் இசைப்பெட்டிகள் செய்யத் தொடங்கிய நிறுவனம். டிடி 160 அதன் பிற்கால வேலை, 1972-ல் வந்தது. வேகம் இரண்டுதான்: 33⅓, 45. அதற்கு முந்திய 78 தட்டுகளை அது ஏற்காது. மோட்டாரின் நடுக்கம் நேராகத் தட்டுக்குப் போய்விடாதபடி இடையில் ஒரு ரப்பர் பெல்ட். இசைத்தட்டைச் சுமந்து சுழலும் வட்டும், ஊசியைத் தாங்கும் கையும் ஒரே உலோகச் சட்டத்தின்மேல் அமர்ந்திருக்கின்றன. அந்தச் சட்டம் மூன்று ஸ்பிரிங்குகளில் மிதக்கிறது.

இந்த அமைப்பு தாரன்ஸின் சொந்த யோசனை அல்ல. அமெரிக்காவில் அக்கூஸ்டிக் ரிஸர்ச் நிறுவனத்தை நடத்திய எட்கர் வில்ச்சர் 1961-ல் கொண்டுவந்த டர்ன்டேபிளில் இருந்தது இது. தாரன்ஸ் 1965-ல் டிடி 150-ல் இதே வழியை எடுத்துக்கொண்டது. வில்ச்சரின் தர்க்கம் எளிது. வீடு அதிரத்தான் செய்யும். தெருவில் லாரி போகும், பக்கத்து அறையில் யாராவது நடப்பார்கள். உலகை அசையாமல் நிறுத்த முடியாது. ஆனால் தட்டும் கையும் சேர்ந்தே அசைந்தால், ஊசிக்கும் தட்டுக்கும் இடையே அசைவு இல்லை. ஊசி அறிவது தனக்கும் தட்டின் பள்ளத்துக்கும் உள்ள உறவை மட்டும்தான். மற்றவை அதற்கு இல்லாதவை. இதை முதன்முதலில் புரிந்துகொண்ட அன்று, நல்ல தத்துவப் புத்தகத்தில் ஒரு பக்கம் பிடிபட்டது போன்ற சந்தோஷம் ஏற்பட்டது. வில்ச்சரிடம் மறுபடி வர வேண்டியிருக்கும்.

மாற்றாக முன்வைக்கப்பட்ட கை, எஸ்எம்இ 3009. இங்கிலாந்தில் அளவு மாதிரிகள் செய்யும் தொழிற்சாலை வைத்திருந்த அலஸ்டேர் ராபர்ட்ஸன்-ஐக்மன், தாம் கேட்பதற்கென்று ஒரு கையைச் செய்துகொண்டார். பார்த்தவர்கள் பாராட்டியதால் அது 1959-ல் விற்பனைக்கு வந்தது. அதன்பின் அறுபது வருஷம் அந்த நிறுவனத்தின் பெயர் கைகளின் பெயராகவே இருந்தது. 2019-ன் கடைசியில் அவர்கள் கையைத் தனியாக விற்பதை நிறுத்திவிட்டார்கள். ஆகவே எனக்குக் கிடைக்கக்கூடியதும் இன்னொருவர் உபயோகித்த கைதான். நண்பர் ஒருவர் தம்முடையதைத் தர முன்வந்தார். அவர் சொன்ன விலை என் ஓய்வூதியத்தில் இரண்டு மாதம்.

2

ஏன் மாற்ற விரும்பினேன்? சப்தம் மங்கிவிட்டது என்பது என் புகார். டி. கே. பட்டம்மாளின் இசைத்தட்டு ஒன்றை நாற்பது வருஷமாகக் கேட்டுவருகிறேன். குரலுக்குப் பின்னால் தம்புரா இருக்கிறது. ஜீவா நன்றாகச் சேர்ந்த தம்புராவில் தந்தியின் ஒலிக்கு மேலே இன்னொரு ஒலி மினுங்கும். ஒன்று என்று பிரித்துச் சொல்ல முடியாத, எல்லா ஸ்வரங்களும் கலந்த ஒரு ரீங்காரம். அது இப்போது இல்லை. தந்தி கேட்கிறது, ரீங்காரம் கேட்கவில்லை. நண்பர் வீட்டில் எஸ்எம்இ கையில் அதே தட்டைப் போட்டபோது அது திரும்பி வந்ததாகத் தோன்றியது. சந்தேகமே வரவில்லை. கைதான் காரணம்.

இந்த ஆசைக்குப் பின்னால் கௌரவமான ஒரு வாதமும் உண்டு. 1970களில் க்ளாஸ்கோ நகரத்தின் லின் நிறுவனத்தை ஆரம்பித்த ஐவர் டீஃபன்ப்ரன் அதை ஒரு பிரசாரமாகவே நடத்தினார். அதுவரை எல்லோரும் ஒலிபெருக்கியில்தான் பணத்தைப் போட்டார்கள். அவர் சொன்னது தலைகீழ்: தட்டிலிருந்து எடுக்கும் இடத்தில் தவறவிட்டதை அதற்குப் பின்னால் வரும் எந்தக் கருவியும் மீட்க முடியாது, எனவே முதலில் கவனிக்க வேண்டியது டர்ன்டேபிள். இதை மறுக்க முடியாது. ஒரு வரியைத் தவறாகப் பிரதி எடுத்துவிட்டால், பிறகு அச்சுக்கோப்பவர் எவ்வளவு கவனமாக இருந்து என்ன பயன்?

எதிர்வாதங்களும் எனக்குத் தெரியும். அவற்றில் இரண்டை நான் அடிக்கடி எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஒன்று, தீஸியஸின் கப்பல். அதென்ஸ்காரர்கள் அந்தக் கப்பலைப் பாதுகாக்கிறோம் என்று பழுதான பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றினார்கள். கடைசியில் அது அதே கப்பல்தானா என்று தத்துவவாதிகள் சர்ச்சை செய்தார்கள் என்கிறார் ப்ளூடார்க். பதினேழாம் நூற்றாண்டில் ஹாப்ஸ் இதில் இன்னொரு முடிச்சுப் போட்டார்: கழற்றிய பழைய பலகைகளை ஒருவன் சேர்த்துவைத்து அதே வரிசையில் மறுபடி கப்பலாக்கினால், எது தீஸியஸின் கப்பல்? லின் டர்ன்டேபிள் வைத்திருப்பவர்கள் இந்தக் கேள்விக்குள்ளேயே குடியிருக்கிறார்கள். ஏறக்குறைய அதன் எல்லாப் பாகத்துக்கும் புதிய பாகம் வந்துகொண்டிருக்கிறது.

ஆனால் யோசித்துப் பார்த்தால் இது என் பிரச்னை அல்ல. டிடி 160-ல் கை ஒரு தனிப் பலகையில் பொருத்தப்பட்டிருக்கிறது. திருகாணிகளைக் கழற்றினால் பலகையோடு வந்துவிடும். எதையும் அறுக்க வேண்டாம், துளைக்க வேண்டாம். பழைய கையைப் பெட்டியில் வைத்துக்கொள்ளலாம். வேண்டாமென்றால் திரும்பப் பொருத்தலாம். தவிர, என்னுடையது அசல் தாரன்ஸா இல்லையா என்ற கவலை, கருவியைச் சேகரிப்பவனின் கவலை. கேட்பவனுக்கு அதில் அக்கறை இருக்கக் காரணம் இல்லை.

இரண்டாவது எதிர்வாதம் தீதரோவினுடையது. தம் பழைய அங்கியைப் பிரிந்த துக்கத்தைப் பற்றி 1769-ல் அவர் எழுதிய கட்டுரை பிரசித்தம். யாரோ பரிசளித்த புதிய அங்கி வந்தது, அதன் பக்கத்தில் மேஜை அசிங்கமாகத் தெரிந்தது, மேஜை மாறியது, நாற்காலி மாறியது, சுவரில் இருந்த படங்கள் மாறின. பழைய அங்கிக்குத் தாம் எஜமானன், புதியதற்குத் தாம் அடிமை என்று உணர்ந்தார். கையை மாற்றியவன் கார்ட்ரிட்ஜை மாற்றுவான், பிறகு ஆம்ப்ளிஃபையரை மாற்றுவான் என்பது எல்லோரும் கண்டதுதான். அப்படி மாற்றிக்கொண்டே போகிறவர்களுக்கு ஒரு துர்ப்பாக்கியம் நேர்கிறது. வேலை செய்யும் கருவி கண்ணிலிருந்து மறைந்துவிடும், உடைந்தால்தான் அது எதிரே வந்து நிற்கும் என்பது ஹைடெகர் சுத்தியலை வைத்துச் சொன்ன விஷயம். இவர்களுக்குக் கருவி உடையாமலேயே எப்போதும் எதிரே நிற்கிறது. பாடகி பின்னால் போய்விடுகிறாள்.

இதுவும் உண்மைதான். ஆனால் இது ஆசையின் விளைவைப் பற்றிய எச்சரிக்கை. ஆசை சரியா தவறா என்று இது சொல்லவில்லை. அளவோடு நிறுத்திக்கொள்ளத் தெரிந்தவனிடம் இதற்குப் பலம் இல்லை. எல்லோரும் தன்னை அப்படிப்பட்டவன் என்றுதான் நினைத்துக்கொள்கிறார்கள்.

3

எதிர்வாதங்கள் உதவாதபோது வேறு ஒரு பாகுபாட்டைப் பிடித்துக்கொண்டேன். பழுது பார்ப்பது ஒன்று, மேம்படுத்துவது வேறொன்று. பழுது பார்க்கும்போது நாம் திரும்பிப் பார்க்கிறோம். பொருளுக்கு அதன் சொந்த நிலை ஒன்று இருக்கிறது, அதற்குத் திருப்பிக் கொண்டுபோகிறோம், வேலை ஓர் இடத்தில் முடிந்துவிடுகிறது. மேம்படுத்தும்போது முன்னால் பார்க்கிறோம். அந்த அளவுகோல் நாம் நெருங்க நெருங்க நகர்ந்துகொண்டே இருக்கிறது, வேலை முடிவதில்லை. பழுது பார்ப்பவன் பொருளுக்குக் கட்டுப்படுகிறான். மேம்படுத்துபவன் தன் அதிருப்திக்குக் கட்டுப்படுகிறான்.

சொல்லும்போது இது திருப்தியாக இருக்கிறது. ஸ்தூலமான ஒரு கையை எதிரே வைத்துக்கொண்டு பார்த்தால் கோடு அழிந்துபோகிறது. ஐம்பது வருஷம் ஆன கையின் பேரிங் தேய்ந்திருக்கிறது. அசல் பாகம் கிடைக்காது. அப்போது புதிய கை வாங்குவது பழுது பார்ப்பதா, மேம்படுத்துவதா? ஆகவே ஒரு சோதனையை எனக்கு வகுத்துக்கொண்டேன். மாற்றுவதற்கு முன்பே சொல்ல முடிய வேண்டும்: எந்தத் தட்டில், எந்த இடத்தில், இப்போது கேளாத எது பிறகு கேட்கும்? பெயர் சொல்ல முடிந்தால் குறை கருவியில் இருக்கலாம். முடியாவிட்டால் அது என் மனநிலை.

என்னால் பெயர் சொல்ல முடிந்தது. பட்டம்மாள் தட்டு, தம்புரா, ரீங்காரம். சோதனையில் தேறிவிட்டேன் என்று நினைத்தேன்.

4

கை என்ன செய்கிறது என்பதை இங்கே கொஞ்சம் பார்த்துவிட வேண்டும். வாசகர் பொறுத்துக்கொள்ளவும், இது இல்லாமல் மற்றது நிற்காது.

இசைத்தட்டைச் செதுக்கும் ஊசி, விளிம்பிலிருந்து மையத்தை நோக்கி நேர்கோட்டில் நகர்கிறது. அதைப் படிக்கும் கையோ ஒரு புள்ளியில் ஊன்றிக்கொண்டு வில்போல வளைந்து வருகிறது. ஆகவே செதுக்கிய கோணமும் படிக்கும் கோணமும் ஒன்றாக இருக்க முடியாது. இங்கிலாந்தில் பெர்ஸி வில்ஸன் 1924-லேயே இதைக் கணக்கிட்டார். 1938-ல் லோஃப்க்ரென், 1941-ல் பேர்வால்ட் ஆகியோர் அதைச் செம்மைப்படுத்தினார்கள். முடிவு இதுதான்: கையின் முனையைச் சற்றுத் திருப்பி, மையத்தைக் கொஞ்சம் தாண்டும்படி வைத்தால், தட்டு முழுவதிலும் இரண்டே இடங்களில் பிழை பூஜ்யமாகும். வழக்கமான கணக்கில் மையத்திலிருந்து 66 மில்லிமீட்டர், 121 மில்லிமீட்டர். மற்ற இடங்களில் பிழை உண்டு. எவ்வளவு, எங்கே என்பதைத்தான் நாம் தேர்ந்துகொள்கிறோம். ஓர் இடத்தில் ஊன்றி நிற்கிற எதுவும் இரண்டு இடங்களுக்கு மேல் சரியாக இருக்க முடியாது. நேர்கோட்டில் நகரும் கைகளும் உண்டு, பேங் அண்ட் ஓலுஃப்ஸென் 1972-ல் செய்ததைப் போல. அவற்றுக்கு அவற்றின் சிக்கல்கள். எஸ்எம்இ ஆகட்டும், என் கை ஆகட்டும், இந்த விஷயத்தில் ஒரே விதிக்கு உட்பட்டவை.

பிழை அதிகமாகத் தொல்லை தருவது தட்டின் உட்பகுதியில். ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி, அது எங்கும் மாறாது. ஆனால் விளிம்பில் அந்த 1.8 விநாடியில் ஊசி நடக்கும் தூரம் அதிகம். விநாடிக்கு 51 சென்டிமீட்டர். பாட்டு முடியும் இடத்தில் விநாடிக்கு 21 சென்டிமீட்டர்தான். அதே ஒலி பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு எழுதப்பட்டிருக்கிறது. 10,000 ஹெர்ட்ஸ் அதிர்வின் ஒரு அலை அங்கே ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. பக்கம் முடிவதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று எழுத்தைச் சிறிதாக்கிக்கொண்டே போகிற கடிதம் மாதிரி.

கனத்தின் விஷயம் இன்னும் சூக்ஷ்மமானது. கையும் கார்ட்ரிட்ஜும் சேர்ந்த கனம் ஒரு பக்கம், ஊசி பொருந்தியிருக்கும் ரப்பரின் நெகிழ்வு மறு பக்கம். இரண்டும் சேர்ந்து ஸ்பிரிங்கில் தொங்கும் குண்டு மாதிரி தமக்கென்று ஓர் அதிர்வு எண்ணைக் கொண்டிருக்கும். அது 8-க்கும் 12-க்கும் இடையே இருப்பது நல்லது. அதற்குக் கீழே போனால் தட்டின் நெளிவும் நடக்கும் காலடியும் அதைக் கிளப்பிவிடும். மேலே போனால் இசையின் அடிப்பகுதியை நெருங்கும். 16 கிராம் கை, 6 கிராம் கார்ட்ரிட்ஜ், ரப்பர் நன்றாக நெகிழக்கூடியது, 25 என்று வைத்துக்கொண்டால் கணக்கு ஏறக்குறைய 7 ஹெர்ட்ஸ், நல்லதல்ல. கையை 8 கிராமாக்கினால் எட்டரை, சரி. ரப்பர் விறைப்பானது, 10 என்றால், கனமான கையில் 10.7 வருகிறது, இலேசான கையில் 13-ஐத் தாண்டிவிடுகிறது. ஆக, முன்பு நல்லதாக இருந்த கை இப்போது கெட்டது. சிறந்த கை என்று தனியாக எதுவும் இல்லை. எதனோடு சேர்ந்து என்று கேட்காமல் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கிடையாது. நான் விரும்பியது எஸ்எம்இ கையை. அது என் கார்ட்ரிட்ஜுக்கு ஏற்ற துணையா என்று ஏழு மாதத்தில் ஒருமுறைகூடக் கேட்டிருக்கவில்லை.

5

இந்த நிலையில் என் பெண் ஊரிலிருந்து வந்திருந்தாள். சாயங்காலம் அதே தட்டைப் போட்டேன். பக்கத்தின் கடைசிப் பாட்டு வந்ததும் முகத்தைச் சுளித்தாள்.

“என்னப்பா இது, ‘ஸ’ வர்ற இடமெல்லாம் கிழியுதே. உங்களுக்குக் கேக்கலையா?”

எனக்குக் கேட்கவில்லை. எனக்கு அந்த இடம் மற்ற இடங்களைப் போலவே மென்மையாக, சற்று மங்கலாக இருந்தது. ஒரே கை; ஒரே தட்டு. நான் மங்கல் என்கிறேன், அவள் கிழிசல் என்கிறாள். இரண்டு புகாரும் ஒரே கருவிக்குப் பொருந்தாது. யாருடைய காதை நம்புவது என்று யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. அடுத்த வாரம் காது பரிசோதனைக்குப் போனேன். கட்டத்தாளில் கோடு 4000 ஹெர்ட்ஸ் வரை ஓரளவு சமதளத்தில் வந்து, அங்கிருந்து படிக்கட்டில் இறங்குவது போல இறங்கியது. வயதானால் மேல் ஸ்தாயிதான் முதலில் போகும், உங்கள் வயதுக்கு இது சகஜம் என்றார்கள். தம்புராவின் ரீங்காரம் அந்தப் படிக்கட்டின் கீழே இருந்தது. தட்டில் அது பத்திரமாக இருந்தது, பழைய கை அதை எடுத்துக் கொடுத்துக்கொண்டும் இருந்தது. வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

அப்படியானால் நண்பர் வீட்டில் நான் கேட்டது என்ன? அவர் எப்போதும் சப்தத்தைக் கூட்டி வைப்பவர். கூட்டினால் எனக்கு மிச்சமிருப்பது கொஞ்சம் கூடுதலாகக் கேட்டிருக்கும். மற்றதை நினைவு போட்டு நிரப்பிக்கொண்டது. முப்பது வயதில் கேட்ட தம்புராவை நான் எஸ்எம்இ கையின் கணக்கில் எழுதிவிட்டேன். என் சோதனையில் நான் தேறியது இப்படித்தான். பெயர் சொல்ல முடிந்தது என்பது குறை வெளியே இருப்பதற்கு அத்தாட்சி ஆகாது. இழந்ததை எவ்வளவு துல்லியமாக வர்ணிக்கிறோமோ, அவ்வளவு நிச்சயமாக அதை யாரோ எடுத்துவிட்டார்கள் என்று நம்புகிறோம்.

வில்ச்சர் இங்கே மறுபடி வருகிறார். 1967-ல் தம் நிறுவனத்தை விற்றபின் அவர் புதிதாக டர்ன்டேபிள் எதுவும் செய்யவில்லை. காது கேளாமையைப் பற்றிய ஆராய்ச்சிக்குப் போனார். ஒலியைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் மெல்லியதை அதிகமாகவும் பலத்ததைக் குறைவாகவும் பெருக்கித் தரும் முறையை 1970களில் வகுத்தார். காப்புரிமை வாங்காமல் பிரசுரித்துவிட்டார். பின்னால் வந்த காதுக்கருவிகள் அந்த வழியில் போயின. தட்டிலிருந்து காது வரை போகும் பாதையில் ஒரு முனையில் ஆரம்பித்தவர் மறு முனைக்குப் போய்ச் சேர்ந்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. டீஃபன்ப்ரன் சொன்னது சரி, முதலில் தவறவிட்டதைப் பின்னால் மீட்க முடியாது. கடைசியில் தவறவிடுவதையும்தான்.

விஷயம் இத்தோடு முடிந்திருந்தால் இது ஒரு நீதிக்கதை. அதிருப்தி உனக்குள் இருக்கிறது, கருவியைக் குறைசொல்லாதே, போ என்று. ஆனால் என் பெண் கேட்ட கிழிசல் இருக்கிறதே. அது நிஜம்.

காரணம் தேடினேன். முதல் காரணம் என் கருணை. கார்ட்ரிட்ஜ் செய்தவர்கள் ஊசி அழுத்த வேண்டிய எடை ஒன்றரையிலிருந்து இரண்டு கிராம் என்று சொல்லியிருந்தார்கள். நான் அதை ஒரு கிராமாகக் குறைத்து வைத்திருந்தேன். அபூர்வமான தட்டுகள், ஊசி கனமாக உட்கார்ந்தால் தேயும், எவ்வளவு இலேசாகத் தொடுகிறோமோ அவ்வளவு நல்லது என்பது என் எண்ணம். இதில் ஒரு ஜீவகாருண்யம் இருப்பதாகக்கூடப் பெருமைப்பட்டிருக்கிறேன். உண்மை வேறு. போதிய எடை இல்லாத ஊசி, வேகமான அலை வரும் இடத்தில் பள்ளத்தின் சுவரோடு ஒட்டி நிற்க முடியாமல் நழுவுகிறது. நழுவியது திரும்பி வந்து சுவரில் மோதுகிறது. அந்த மோதல்தான் கிழிசலாகக் கேட்கிறது. ஒவ்வொரு மோதலும் சுவரைச் சிதைக்கிறது. கனமாகத் தொடுவதைவிட, தொட்டும் தொடாமலும் இருப்பது அதிகமாகக் காயப்படுத்துகிறது. இரண்டாவது காரணம் கையின் பேரிங். முனையைப் பிடித்து மெதுவாக அசைத்தபோது ஊன்றியிருக்கும் இடத்தில் ஓர் ஆட்டம் விரலுக்குத் தெரிந்தது. இத்தனை வருஷத்தில் நான் அசைத்துப் பார்த்ததே இல்லை.

ஆக, கையை ஏதாவது செய்யத்தான் வேண்டும். நான் நினைத்த காரணத்துக்காக அல்ல. அந்தக் காரணம் பொய். செய்தால் விளையும் நன்மை என் காதில் விழாது. செய்யாவிட்டால் விளையும் தீமையும் விழாது. என் அனுபவத்தில் எந்த வித்தியாசமும் இல்லாத ஒரு காரியத்தைச் செய்ய நான் கடமைப்பட்டிருக்கிறேனா? இப்போதுதான் இது அறப் பிரச்னை ஆகிறது. அதுவரை இருந்தது ரசனைப் பிரச்னை.

6

ரில்கே 1919-ல் எழுதிய ஒரு சிறு கட்டுரை உண்டு. பள்ளியில் படித்தபோது ஆசிரியர் மாணவர்களைக் கொண்டு ஒலிப்பதிவுக் கருவி ஒன்றைச் செய்யவைத்தார்: அட்டையில் புனல், அதன் வாயில் ஒட்டிய காகிதம், துணி துடைக்கும் பிரஷ்ஷிலிருந்து ஒரு முள், மெழுகு பூசிய உருளை. பேசியது திரும்பக் கேட்டது. ஆனால் வருஷங்களுக்குப் பிறகு ரில்கேயின் மனதில் தங்கியிருந்தது புனலிலிருந்து வந்த சப்தம் அல்ல, உருளையில் விழுந்த கோடுகள். பிறகு பாரிஸில் ஒரு மண்டையோட்டின் தையல்கோட்டைப் பார்த்தபோது அதே கோட்டின் ஞாபகம் வந்து, அதன்மேல் ஊசியை ஓட்டினால் என்ன சப்தம் எழும் என்று யோசிக்கிறார். பலர் அந்த விசித்திரமான கேள்விக்காக இந்தக் கட்டுரையை ஞாபகம் வைத்திருக்கிறார்கள். எனக்கு இப்போது முக்கியமாகப் படுவது அதற்கு முந்தியது: சப்தம் கேட்பவனுடையது, வந்ததும் போய்விடுகிறது, கோடு அவனுடையது அல்ல.

தட்டை விலை கொடுத்து வாங்கியவன் நான். கோடு பட்டம்மாளுடையது, எனக்குப் பிறகு கேட்கப்போகிறவருடையது. என் காது ஒரு தங்குமிடம்கூட அல்ல. நான் கேட்கும் ஒவ்வொரு தடவையும் அந்தக் கோட்டை உபயோகிக்கிறேன்; உபயோகத்தால் வரும் தேய்மானம் நியாயமானது, கேட்பதற்குத்தான் தட்டு. ஆனால் என் அசிரத்தையால் வரும் சேதம், எனக்குக் கேட்காது என்பதாலேயே, இன்னும் பெரிய குற்றம். தனக்கு வலிக்காத இடத்தில் ஒருவன் எப்படி நடந்துகொள்கிறான் என்பதைவிட வேறு எதை வைத்து அவனை எடைபோடுவது?

சரி, அப்படியானால் எஸ்எம்இ கையை வாங்கிவிட வேண்டியதுதானே என்று ஒரு குரல் உடனே சொன்னது. அந்தக் குரலின் உற்சாகம் எனக்குச் சந்தேகத்தைக் கொடுத்தது. விரும்பியதையே சுற்றி வந்து கடமை என்ற பெயரில் அடைவது மனித சுபாவம். எழுத்தாளர்களுக்கு இது நன்றாகவே கைவரும். காரணம் மாறிவிட்டதா, பழைய ஆசை புதுச் சட்டை போட்டுக்கொண்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒரு வழிதான் தெரிந்தது. கடமை எதைக் கேட்கிறது என்று குறைத்துக் குறைத்துப் பார்ப்பது. பேரிங் ஆடக் கூடாது. ஊசியின் எடை சரியாக இருக்க வேண்டும். கோணம் கணக்குப்படி அமைய வேண்டும். கோடு கேட்பது இவ்வளவுதான். எஸ்எம்இ என்ற பெயர் இதில் வரவில்லை. ஆட்டமில்லாத எந்தக் கையும் போதும். என் பழைய கையை ஆட்டமில்லாமல் செய்ய முடிந்தால் அதுவே போதும்.

இப்போதும் ரேடியோ பழுது பார்த்துக்கொண்டிருக்கும் வயதான மெக்கானிக் ஒருவரிடம் கையைப் பலகையோடு கழற்றி எடுத்துப்போனேன். சுத்தம் செய்து, பேரிங்கின் திருகாணிகளைக் கடிகாரம் திருத்துவது போலக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கி, ஆட்டம் போய்விட்டது, ஆனால் இறுகவும் இல்லை என்று காட்டினார். வீட்டில் ஊசியின் எடையைக் கூட்டி, கட்டம் போட்ட தாளை வைத்து இரண்டு பூஜ்ய இடங்களையும் சரிபார்த்துப் பொருத்தினேன். என் பெண் உட்கார்ந்து கேட்டாள். இதுவரை அவ்வளவாகப் போடாத தட்டுகளில் கிழிசல் போய்விட்டது என்றாள். ஏதாவது வித்தியாசம் தெரிகிறதா என்று என்னைக் கேட்டாள். தெரியவில்லை என்று சொன்னேன். அந்த வார்த்தையைச் சொல்வது நான் எதிர்பார்த்ததைவிடச் சுலபமாக இருந்தது.

நண்பருக்கு வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆசை போய்விடவில்லை, அவர் வீட்டுக்குப் போகும்போது அந்தக் கையைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். காரணம் மட்டும் போய்விட்டது.

பட்டம்மாள் தட்டில் கடைசிப் பாட்டில் மட்டும் கிழிசல் அப்படியே இருக்கிறது என்றாள். அது இனி எந்தக் கையாலும் போகாது. பல வருஷம், மிகவும் இலேசாக, மிகுந்த அன்போடு நான் அதைக் கேட்டிருக்கிறேன்.